31 வெற்றியா, 1.12 ரன்னா: 1968-இல் ஒரே விருது என்றால் யாருக்கு?

அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஆண்டின் சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) கொடுக்கும் சை யங் விருது 1956-இல் தொடங்கியது. முதல் பதினோரு ஆண்டுகள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விருதுதான். 1967-இல்தான் லீகுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பிரிவினை எவ்வளவு பெரிய தலைவலியைத் தவிர்த்தது என்று தெரிந்துவிட்டது. 1968-இல் அமெரிக்கன் லீகில் டெட்ராய்ட் டைகர்ஸின் டென்னி மெக்லெய்னுக்கு 20-க்கு 20 வாக்கு. நேஷனல் லீகில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சனுக்கும் 20-க்கு 20. போதாததற்கு, அந்தந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவர்கள் இருவருக்கே போனது.

பழைய விதியே தொடர்ந்திருந்தால்? ஒரே விருது, ஒரே பெயர். யாருக்கு எழுதுவது?

பொழுதுபோகாமல் கேட்கும் கேள்வி இல்லை இது. ஒரு பிட்சரை எதை வைத்து அளப்பது என்ற வழக்கு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. மெக்லெய்ன் 31 ஆட்டங்களை வென்றார். கிப்சன் 22-தான் வென்றார்; ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். இரண்டு எண்களும் அவற்றின் வழியில் மலை. எந்த மலை உயரம் என்று சொல்ல, முதலில் எங்கிருந்து அளக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதப்படும், தோல்வியும் அப்படியே. ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சருக்கு வெற்றி சேர வேண்டுமென்றால் அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் இறங்கும்போதோ, அவருக்குப் பதில் வேறொருவர் பேட்டிங் செய்யும் அதே இன்னிங்ஸிலோ அணி முன்னிலை பெற்றிருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை பறிபோகாமலும் இருக்க வேண்டும். ஈ.ஆர்.ஏ. வேறு கணக்கு. பீல்டரின் பிழையால் வந்த ரன்னைத் தள்ளிவிட்டு, பிட்சரின் பொறுப்பில் விழுந்த ரன்களை மட்டும் ஒன்பது இன்னிங்ஸுக்கு இத்தனை என்று சொல்வது. ஒரு வெற்றியில் பதினொரு பேர் வேலை கலந்திருக்கிறது என்று கிரிக்கெட்காரர்கள் சொல்வதுபோல, பிட்சரின் 'வெற்றி'யில் ஒன்பது பேர் வேலை கலந்திருக்கிறது. ஈ.ஆர்.ஏ. பெரும்பாலும் அவருடையது.

அந்த ஆண்டின் சூழலையும் சொல்லியாக வேண்டும். 1968-ஐ 'பிட்சர்களின் ஆண்டு' என்றே அழைக்கிறார்கள். 1963-இல் ஸ்டிரைக் எல்லையை (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் பந்து பிட்சருக்குச் சாதகமாக எண்ணப்படும் பரப்பை) விரித்திருந்தார்கள்; பிட்சர் நின்று வீசும் மவுண்ட் 15 அங்குல உயரம். இரண்டும் சேர்ந்து பேட்டர்களை நசுக்கிவிட்டன. அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு பேட்டிங் சராசரியில் (ஹிட்களை பேட்டிங் வாய்ப்புகளால் வகுத்த எண்) .300-ஐத் தாண்டிய ஒரே பேட்டர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி, அதுவும் .301. பேட்டிங் பட்டம் வென்றவர்களில் அதைவிடக் குறைந்த சராசரி இன்றுவரை இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் டான் டிரைஸ்டேல் தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல், மொத்தம் 58⅔ இன்னிங்ஸ் ரன் இல்லாமல் வீசினார். அப்படி வீசியவரின் ஆண்டுக் கணக்கு 14 வெற்றி, 12 தோல்வி. சிகாகோ கப்ஸின் பெர்கி ஜென்கின்ஸ் 20 ஆட்டம் வென்றார். அவர் தோற்ற பதினைந்தில் ஐந்து, 1–0 என்று தோற்றவை.

இந்த இரண்டு பெயர்களை இப்போதே சொல்வதற்குக் காரணம் உண்டு. வெற்றி எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு அந்த ஆண்டே சாட்சி சொல்கிறது.

இருபதோ அதற்கு மேலோ வென்றவர்கள் அந்த ஆண்டு ஏழு பேர். மெக்லெய்ன் 31, சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் ஹுவான் மரிச்சால் 26, கிப்சனும் பால்டிமோரின் டேவ் மெக்னலியும் தலா 22, கிளீவ்லேண்டின் லூயிஸ் டியாண்ட்டும் யாங்கீஸின் மெல் ஸ்டாட்டில்மயரும் தலா 21, ஜென்கின்ஸ் 20. இதில் என் பட்டியலுக்கு நான் எடுத்துக்கொள்வது மெக்லெய்ன், கிப்சன், மரிச்சால், டியாண்ட் நால்வரை. மெக்னலி 1.95 ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த அருமையான பிட்சர்தான். ஆனால் அவரை மெக்லெய்ன் ஒவ்வொரு கணக்கிலும் முந்தியோ ஒட்டியோ நிற்கிறார் என்பதால் தனியாக வாதாட இடமில்லை.

மெக்லெய்னுக்கான வாதத்தை முழு மரியாதையோடு வைக்கிறேன். 24 வயதுப் பையன். 41 ஆட்டங்களைத் தொடங்கினார், 28-ஐத் தானே முடித்தார், 336 இன்னிங்ஸ் வீசினார், 280 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார் (மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றினார்), ஈ.ஆர்.ஏ. 1.96. தோற்றது ஆறே ஆட்டம். அதற்கு முன் 30 ஆட்டம் வென்றவர் 1934-இல் டிஸ்ஸி டீன். மெக்லெய்னுக்குப் பிறகு யாரும் இல்லை. 1990-இல் பாப் வெல்ச் 27 வரை வந்தார், அவ்வளவுதான். இன்று பிட்சர்கள் தொடங்கும் ஆட்டங்களே முப்பத்துச் சொச்சம் என்பதால் இனி ஒருவர் 30 வெல்வதை நாம் பார்க்கப் போவதில்லை. சை யங் என்ற பெயரே 511 வெற்றிகளுக்காக நினைக்கப்படும் பெயர். அப்படிப்பட்டவரின் பெயரிலான விருதை 31 வென்றவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று 1968-இல் கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை.

ஆனால் அந்த முப்பதாவது வெற்றி எப்படி வந்தது என்று பாருங்கள். செப்டம்பர் 14, டைகர் மைதானம், எதிரே ஓக்லாண்ட். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கிறது. டிஸ்ஸி டீனே மைதானத்துக்கு வந்திருக்கிறார். ஓக்லாண்டின் ரெஜி ஜாக்சன் மெக்லெய்னின் பந்தில் இரண்டு ஹோம் ரன் அடிக்கிறார். கடைசி, அதாவது ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் பேட்டிங் தொடங்கும்போது டெட்ராய்ட் 4–3 என்று பின்தங்கியிருக்கிறது. மெக்லெய்ன் வேலை முடிந்தது. அவருக்குப் பதிலாக ஆல் கேலைன் பேட்டிங்குக்குப் போய் வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்குகிறார். மிக்கி ஸ்டான்லி ஒரு சிங்கிள். ஜிம் நார்த்ரப் தரையில் தட்டிய பந்தை எடுத்த ஓக்லாண்டின் முதல் பேஸ்காரர் ஹோம் பிளேட்டுக்கு (ஓடிவந்து ரன் முடிக்கும் இடத்துக்கு) தவறாக எறிய, கேலைன் ஓடி வந்து சமன் செய்கிறார். பிறகு வில்லி ஹார்ட்டன் இடது பீல்டரின் தலைக்கு மேல் அடித்துத் தூக்க, 5–4. டக்அவுட்டில் உட்கார்ந்திருந்த மெக்லெய்னின் கணக்கில் முப்பதாவது வெற்றி ஏறுகிறது.

சரியாக மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 17. சான் பிரான்சிஸ்கோவில் கிப்சன் வீசுகிறார். முதல் இன்னிங்ஸில் ரான் ஹன்ட் ஒரு ஹோம் ரன் அடிக்கிறார். அதன்பின் கிப்சனிடமிருந்து ஜயன்ட்ஸுக்கு ஒன்றும் பெயரவில்லை. ஆனால் எதிரே வீசிய கேலார்ட் பெர்ரி, செயின்ட் லூயிஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. 1–0. கிப்சனுக்குத் தோல்வி.

நான்கு ரன் கொடுத்தவருக்கு வரலாற்று வெற்றி. ஒரே ரன் கொடுத்தவருக்குத் தோல்வி. என் முடிவு இந்த மூன்று நாளில்தான் உறுதியானது. மெக்லெய்ன் அன்று மோசமாக வீசினார் என்று சொல்லவரவில்லை. அவருடைய 31 என்ற எண்ணில் கேலைன், ஹார்ட்டன், நார்த்ரப் ஆகியோரின் மட்டைகள் கலந்திருக்கின்றன என்று சொல்கிறேன். டைகர்ஸ் அந்த ஆண்டு 671 ரன் எடுத்தது. ஹோம் ரன் மட்டும் 185. கார்டினல்ஸ் எடுத்தது 583. ஹோம் ரன் 73. டியாண்ட் வீசிய கிளீவ்லேண்ட் வெறும் 516. மட்டை பலம் இப்படி இருக்கும்போது வெற்றிகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது, நனைந்த வயலையும் வறண்ட வயலையும் விளைச்சல் மட்டும் பார்த்து உழவனை எடைபோடுவது போல.

கிப்சனின் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே மாதக் கடைசியில் அவர் கணக்கு 3 வெற்றி, 5 தோல்வி. வெற்றியை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு, முந்தைய ஆண்டு ராபர்ட்டோ கிளெமென்டே அடித்த பந்தில் கால் எலும்பு முறிந்தவர் இன்னும் தேறவில்லை என்றுகூடத் தோன்றியிருக்கும். அந்த ஐந்து தோல்வியில் ஒன்று டிரைஸ்டேல் தன் தொடர் சாதனையின் நடுவே வீசிய 2–0 ஆட்டம். அப்போதும் கிப்சன் நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தார். கார்டினல்ஸ் மட்டைகள்தான் தூங்கிக்கொண்டிருந்தன.

பிறகு ஜூன். ஜூன் 6 முதல் 26 வரை தொடர்ந்து ஐந்து ஷட்அவுட் (எதிரணிக்கு ரன்னே கொடுக்காமல் முடித்த ஆட்டம்). ரன் இல்லாமல் 47 இன்னிங்ஸுக்கு மேல் போய், டிரைஸ்டேல் சில வாரம் முன்பு வைத்த சாதனையை நெருங்கியவர், ஜூலை 1 அன்று டிரைஸ்டேலுக்கு எதிராகவே வீசும்போது முதல் இன்னிங்ஸில் ஒரு பந்து கேட்சரைத் தாண்டி ஓட, அதில் ஒரு ரன் வந்து தொடர் அறுந்தது. அந்த ஆட்டத்தையும் 5–1 என்று வென்றார். தொடர்ந்து 15 ஆட்டம் வென்றார். ஆண்டு முடிவில் 304⅔ இன்னிங்ஸ், 268 ஸ்டிரைக்அவுட், 13 ஷட்அவுட். அவர் பொறுப்பில் வந்த ரன் மொத்தம் 38. 1914-இல் டச் லெனார்டு 0.96 வைத்ததற்குப் பின் இப்படி ஓர் எண் வரவில்லை. 1920-க்குப் பின்னான பேஸ்பாலில் இதுவே ஆகக் குறைந்தது.

இதற்கும் மேலாக ஒரு தகவல் எனக்குப் பிடிக்கும். கிப்சன் தொடங்கியது 34 ஆட்டம், முடித்தது 28. மீதி ஆறிலும் அவரை மவுண்டிலிருந்து யாரும் இறக்கவில்லை. அன்றைய விதிப்படி பிட்சரும் பேட்டிங் செய்ய வேண்டும். ரன் தேவைப்பட்டதால் அவருக்குப் பதிலாக வேறொருவரை பேட்டிங்குக்கு அனுப்பியதால்தான் அவர் வெளியேறினார். ஓர் இன்னிங்ஸின் நடுவில் மேனேஜர் நடந்து வந்து அவர் கையிலிருந்து பந்தை வாங்கிய நாள் 1968 முழுவதும் ஒன்றுகூட இல்லை. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மரிச்சாலை யாரும் இந்த வழக்கில் கூப்பிடுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து, இடது காலைத் தலைக்கு மேல் தூக்கி வீசும் அந்த அழகை நிழற்படத்தில் பார்த்தாலே போதும். 1968-இல் 26 வெற்றி, 9 தோல்வி, 326 இன்னிங்ஸ், 30 முழு ஆட்டம். மூன்றிலும், அதாவது வெற்றி, இன்னிங்ஸ், முழு ஆட்டத்தில், நேஷனல் லீகில் அவரே முதலிடம். அத்தனை இன்னிங்ஸில் அவர் கொடுத்த வாக் 46 மட்டுமே. ஜயன்ட்ஸ் அந்த ஆண்டு வென்றது 88 ஆட்டம். அதில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இவர் பெயரில். மெக்லெய்னுக்கும் டைகர்ஸின் 103 வெற்றியில் அதே முப்பது சதவீதம்தான். ஆக, 'அணியைத் தூக்கிச் சுமந்தவர்' என்ற அளவுகோலில் இருவரும் சமம். ஆனால் ஒருவருக்கு 20 வாக்கு, இன்னொருவருக்குப் பூஜ்ஜியம். வாக்காளர்கள் ஆளுக்கு ஒரே பெயர் எழுதும் முறை அன்று. 1966-இல் மரிச்சால் 25 வெற்றி, 6 தோல்வி என்று வீசியபோதும் டாட்ஜர்ஸின் சாண்டி கூஃபாக்ஸ் எல்லா வாக்கையும் அள்ளிக்கொண்டார். மரிச்சால் சை யங் விருது வாங்காமலேயே ஓய்வுபெற்றார்.

இருந்தாலும் 2.43 என்ற அவரது ஈ.ஆர்.ஏ. அந்த ஆண்டுக்குச் சற்று அதிகம். வேறு சில ஆண்டுகளில் அது பட்டமே வென்றிருக்கக்கூடிய எண். 1968-இல் அது நால்வரில் நான்காவது.

டியாண்ட் வேறு ரகம். கியூபாவில் பிறந்தவர், பேட்டருக்கு முதுகைக் காட்டும் அளவுக்கு உடலைத் திருப்பி வீசுவார். அவர் பந்தில் எதிரணிகள் எடுத்த பேட்டிங் சராசரி .168. கிப்சனுக்கு எதிராகவே .184 என்னும்போது, அடிப்பதற்கு ஆகக் கடினமானவர் டியாண்ட்தான். ஈ.ஆர்.ஏ. 1.60, அமெரிக்கன் லீகில் முதலிடம். ஒன்பது ஷட்அவுட். ஜூலை 3 அன்று மின்னசோட்டாவுக்கு எதிராகப் பத்து இன்னிங்ஸ் வீசி 19 ஸ்டிரைக்அவுட். பத்தாவதில் யாரும் அவுட்டாகாமல் எதிரணி ஆட்கள் முதல், மூன்றாம் பேஸ்களில் நின்றபோது, அடுத்த மூவரையும் ஸ்டிரைக்அவுட் செய்தார். கிளீவ்லேண்ட் கீழ்ப்பாதியில் ஒரு ரன் எடுத்து 1–0 என்று வென்றது. அந்த அணியோடு 21 வெல்ல இப்படித்தான் வீச வேண்டியிருந்தது.

நால்வரையும் ஒரே தராசில் ஏற்ற நான் ஓர் எளிய கணக்குப் போட்டேன். அந்த ஆண்டு இரண்டு லீகுகளிலுமே சராசரி ஈ.ஆர்.ஏ. ஏறத்தாழ 3. அதாவது சாதாரண பிட்சர் ஒருவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன் கொடுத்திருப்பார். நம் ஆட்கள் வீசிய அதே இன்னிங்ஸ்களை அந்தச் சாதாரண பிட்சர் வீசியிருந்தால் எத்தனை ரன் போயிருக்கும்? அதிலிருந்து இவர்கள் கொடுத்ததைக் கழித்தால், இவர்கள் தடுத்த ரன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கிப்சன்: போயிருக்க வேண்டியது 101 அல்லது 102, கொடுத்தது 38. தடுத்தது ஏறத்தாழ 63. டியாண்ட்: 86-இல் 46, தடுத்தது 40. மெக்லெய்ன்: 112-இல் 73, தடுத்தது 39. மரிச்சால்: சுமார் 109-இல் 88, தடுத்தது 21.

இது மைதான அளவு, எதிரணி பலம் எதையும் பார்க்காத மோட்டாக் கணக்குதான். ஆனால் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே 23 ரன் இடைவெளி இருக்கிறது. மெக்லெய்னைவிட 31 இன்னிங்ஸ் குறைவாக வீசியும் கிப்சன் 24 ரன் அதிகம் தடுத்திருக்கிறார். நுணுக்கமான கணக்கு எதைப் போட்டாலும் இந்த இடைவெளி மூடாது.

உண்மையில் எனக்கு இழுபறி இருந்தது இரண்டாம் இடத்தில்தான். பத்து வெற்றி குறைவாக வைத்திருந்த டியாண்ட், மெக்லெய்ன் தடுத்த அதே அளவு ரன்னைத் தடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்தபோது, 31 என்ற எண்ணின் மேல் இருந்த பிரமிப்பில் பாதி எனக்குக் கரைந்துவிட்டது. ஒருநாள் டியாண்ட் பெயரை மேலே எழுதினேன், மறுநாள் மாற்றினேன். கடைசியில் மெக்லெய்னையே இரண்டாவதாக வைக்கிறேன், வெற்றிக்காக இல்லை. 336 இன்னிங்ஸுக்காக. டியாண்ட் வீசியது 258⅓. இருவருக்கும் நடுவே ஏறத்தாழ 78 இன்னிங்ஸ். ஆறேழு மாதம் ஓடும் பருவத்தில் அது எட்டு, ஒன்பது முழு ஆட்டத்துக்குச் சமம். அந்த இன்னிங்ஸை டைகர்ஸில் வேறு யாரோ, மெக்லெய்னைவிடக் குறைந்தவர்கள், வீச வேண்டியிருந்திருக்கும். அந்தச் சுமைக்கு விலை உண்டு. அவர் கை அந்த விலையைப் பின்னால் கட்டவும் செய்தது: 1969-இல் 24 வென்றவர், 1971-இல் வாஷிங்டனுக்காக 22 தோல்வி, 1972-இல் 28 வயதில் கடைசி ஆட்டம்.

வேர்ல்டு சீரிஸை (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடரை) வைத்து முடிவு செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். அக்டோபர் 2 அன்று முதல் ஆட்டத்தில் கிப்சன் 17 ஸ்டிரைக்அவுட் செய்து மெக்லெய்னை 4–0 என்று வென்றார். நான்காவதில் 10–1, கிப்சனே ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். நேருக்கு நேர் இரண்டுக்கு இரண்டு. எனக்குச் சாதகமான சாட்சிதான், ஆனாலும் நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. விருது பருவ ஆட்டங்களுக்கானது. அதோடு, ஏழாவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸ்வரை 0–0 என்று பிடித்து வைத்திருந்த கிப்சன், இருவர் அவுட்டான பின் நார்த்ரப் அடித்த பந்தைச் சென்டர் பீல்டில் கர்ட் ஃபிளட் தவறாகக் கணித்ததால் 4–1 என்று தோற்றார். எதிரே வீசிய மிக்கி லோலிச் அந்தத் தொடரில் மூன்று ஆட்டம் வென்றார். பந்து ஃபிளட்டின் கையில் விழுந்திருந்தால் கிப்சன் இன்னும் பெரிய பிட்சராகிவிடுவாரா? விழாததால் சிறியவராகிவிட்டாரா? வெற்றி எண்ணிக்கையை நம்பாத நான், சாதகமாக இருக்கும்போது மட்டும் அதை நம்பக் கூடாது.

கிப்சனுக்கு எதிராக நியாயமான வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. 15 அங்குல மவுண்டும் விரிந்த ஸ்டிரைக் எல்லையும் கொடுத்த வரம் அந்த 1.12 என்பார்கள். அதே வரம் மெக்லெய்னுக்கும் மற்ற இருவருக்கும் இருந்தது என்பதே போதுமான பதில். ஆனால் கூடுதலாக ஒன்றும் உண்டு. 1969-இல் மவுண்டை 10 அங்குலமாக இறக்கினார்கள், ஸ்டிரைக் எல்லையையும் சுருக்கினார்கள். டியாண்ட் 9 வென்று 20 தோற்றார். இறக்கிய மவுண்டில் நின்று கிப்சன் 314 இன்னிங்ஸ் வீசினார், ஈ.ஆர்.ஏ. 2.18, வெற்றி 20. முழு ஆட்டங்கள் மறுபடியும் 28.

என் சீட்டில் முதல் பெயர் பாப் கிப்சன். அடுத்து மெக்லெய்ன், டியாண்ட், மரிச்சால்.